ஒரே புள்ளி, வேறு வேறு உழைப்பு: தரம் 11 கணித வகுப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரில் தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒன்றின் தரம் 11 வகுப்பில், இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்ததிலிருந்து மூன்றாம் தவணைப் பரீட்சை வரை, ஒரு கணக்குக்குப் பிள்ளைகள் செலவிடும் மன உழைப்பை அளந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். அந்த வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவன் நான். பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன். இப்படி எழுதுவதற்கு அவர்களும் வீட்டாரும் சம்மதம் தந்தார்கள்.

வகுப்பில் நகரத்துப் பிள்ளைகளும் உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். மீன்பிடி, கடை, கூலிவேலை, அரச உத்தியோகம் என்று வீட்டு நிலைமைகள் பலவிதம். பெரும்பாலானோர் பாடசாலை விட்டதும் ரியூஷனுக்குப் போகிறவர்கள்.

சாதாரணதரக் கணிதத்தில் முதலாம் வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலம், இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளில் பத்து வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். அப்படியென்றால் ஒரு வினாவுக்கு 18 நிமிடம். கணிப்பான் கிடையாது, பெருக்கலையும் வகுத்தலையும் கூட்டல், கழித்தலாக்கித் தரும் மடக்கை (log) அட்டவணைதான். எங்கள் தவணைப் பரீட்சையும் இதே ஒழுங்கில்தான் நடக்கும்.

அந்தத் தவணையில் ஒரு மாணவியும் ஒரு மாணவனும் இரண்டாம் வினாத்தாளில் ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்திருந்தார்கள். இருவருமே நாற்பதுக்குச் சற்றுக் கீழே. புள்ளிப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் இருவரையும் ஒரே பரிகார வகுப்பில் இருத்தி, ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பதுதான் வழமை. விடைத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அது சரிவராது என்று தோன்றியது.

விடைத்தாள்களில் தெரிந்தது

மாணவியின் தாளில் முதல் சில வினாக்கள் அடிமட்டம் வைத்துக் கோடு கீறிய மாதிரி ஒழுங்காக இருந்தன. பிறகு எழுத்து சிறுத்து, வெட்டும் திருத்தமும் கூடி, கடைசி மூன்று வினாக்களின் இடம் வெறுமையாகக் கிடந்தது. விட்ட வினாக்களில் ஒன்று தொடைகள் (sets). அதே மாதிரியான கணக்கை முந்திய கிழமை வெண்பலகையில் வந்து செய்து காட்டியவள் அவள்தான்.

இன்னொரு இடம் என்னை நிறுத்தியது. கேள்வி இதுதான்: கடலோரமாக 60 மீற்றர் உயரமான செங்குத்துப் பாறை. உச்சியில் நிற்பவருக்கு ஒரு படகு 30° இறக்கக் கோணத்தில் தெரிகிறது. பாறையின் அடியிலிருந்து படகு எவ்வளவு தூரம்? மாணவி உருவைச் சரியாக வரைந்திருந்தாள். கோணத்தைச் சரியான இடத்தில் குறித்திருந்தாள். தூரம் என்பது 60 ஐத் தான்சன் (tan) 30° ஆல் வகுப்பது என்றும் எழுதியிருந்தாள். விடை மட்டும் 1.039 மீற்றர். கோணேசர் கோயில் மலையையும் அதன் கீழே போகும் தோணிகளையும் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை, அறுபது மீற்றர் பாறையின் காலடியில் ஒரு மீற்றர் தூரத்தில் படகை நிறுத்திவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிருந்தாள். அது தெரியாமையால் வந்த பிழை என்று எனக்குப் படவில்லை. விடையைத் திரும்பிப் பார்ப்பதற்கு மனதில் இடம் மிஞ்சவில்லை என்றே பட்டது.

மாணவனின் தாள் வேறு மாதிரி. எளிய வினாக்கள் சுத்தமாக, வேகமாகச் செய்யப்பட்டிருந்தன. மற்றவற்றில் தரவை மட்டும் எழுதிவிட்டு விட்டிருந்தான். வெட்டும் இல்லை, திருத்தமும் இல்லை. பரீட்சை முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போதே தாளை மூடிவைத்தான் என்று மேற்பார்வை செய்த ஆசிரியை சொன்னார்.

பெற்றோர் சந்திப்பில் மாணவியின் தாய் சொன்னதையும் எழுத வேண்டும். "சேர், இவள் படிக்கேல்ல எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. இரவு பன்னிரண்டு மணி மட்டும் இருந்து செய்யிறாள். செய்யச் செய்யக் களைச்சுப் போறாளே தவிர புள்ளி ஏறுதில்ல." மாணவி குனிந்தபடி இருந்தாள். இன்னும் கூடப் பயிற்சி செய் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கணக்கு அவளிடமிருந்து எவ்வளவு உழைப்பை வாங்குகிறது, அந்த உழைப்பு கணக்கின் எந்த இடத்தில் போய்ச் சேருகிறது என்பதை முதலில் அறிய வேண்டியிருந்தது.

எதைக் கொண்டு அளப்பது

மன உழைப்பை அளக்கலாமா என்ற கேள்வி புதிதல்ல. 1964 இல் ஹெஸ், போல்ற் என்ற இருவர், மனக்கணக்காகப் பெருக்கும்போது கண்ணின் மணி விரிகிறது என்றும், பெருக்கல் கடினமாக ஆக விரிவு கூடுகிறது என்றும் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து டேனியல் கானமனும் ஜாக்சன் பீற்றியும் இலக்கங்களை ஞாபகத்தில் வைத்திருக்கும்போதும் அதே நடப்பதைப் பதிவு செய்தார்கள். ஆனால் கண்மணி வெளிச்சத்துக்கும் சுருங்கி விரியும். ஒரு பக்கம் முழுக்கத் திறந்த ஜன்னலும், வெளியே வெள்ளை மணலில் பட்டுத் தெறிக்கும் வெயிலுமாக இருக்கும் எங்கள் வகுப்பறையில் அது நடக்காத காரியம். கருவியும் இல்லை.

இதயத் துடிப்பைக் கைக்கடிகாரத்தால் பார்க்கலாமே என்று ஓர் ஆசிரியர் சொன்னார். மாடிப்படி ஏறி வந்தாலும் துடிப்புக் கூடும், பயந்தாலும் கூடும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் சும்மா இருந்தாலும் கூடும். அதையும் விட்டோம்.

கைக்கு எட்டியது எளிய வழி ஒன்று. நெதர்லாந்தைச் சேர்ந்த பிரெட் பாஸ் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒவ்வொரு கணக்கையும் முடித்த கையோடு தாங்கள் செலவிட்ட மன உழைப்பை ஒன்பது படிகளில் தாங்களே குறித்தார்கள். ஒன்று என்றால் மிக மிகக் குறைவு, ஒன்பது என்றால் மிக மிக அதிகம். நம்பகமான முறை என்று பிறகு பலரும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் போதும்.

இதற்குப் பின்னால் நிற்பது அவுஸ்திரேலியாவில் ஜோன் சுவெல்லர் 1988 இல் முன்வைத்த மனச்சுமைக் கோட்பாடு. நாம் ஒரே நேரத்தில் மனதில் ஏந்தி வேலை செய்யக்கூடிய விடயங்கள் மிகச் சில. ஜோர்ஜ் மில்லர் 1956 இல் ஏழு அளவில் என்றார். நெல்சன் கோவன் 2001 இல் நான்கு அளவில்தான் என்றார். கணக்கின் இயல்பான சிக்கல் அந்த இடத்தில் ஒரு பங்கை எடுக்கும். கணக்கைத் தாளில் தந்திருக்கும் விதமும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து நிரம்பிவிட்டால், படிப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் ஒன்றும் மிஞ்சாது. ஒரு மீற்றர் தூரத்துப் படகு எனக்கு விளங்கியது இதை வைத்துத்தான்.

அளக்கும் ஏற்பாடு

அதே தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கும் இன்னோர் ஆசிரியையும் நானும் சேர்ந்து செய்தோம். அதிபரிடம் அனுமதி கேட்டபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: இந்த எண் எந்தப் பதிவேட்டிலும் ஏறக்கூடாது. எங்கள் எண்ணமும் அதுதான்.

முதல் நாள் வகுப்பில் விளக்கிவிட்டு ஒரு சிறு தாளுக்குக் குறிக்கச் சொன்னோம். பின்வரிசைப் பையன்கள் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தவனைவிட ஒன்று குறைத்து எழுதினார்கள். நிறைய யோசித்தேன் என்று எழுதுவது வெட்கம் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. பெண்பிள்ளைகள் சிலர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார்கள். அது தப்பித்துக்கொள்ளும் எண். ஆகவே அடுத்த தடவையிலிருந்து பெயருக்குப் பதிலாக ஒவ்வொருவரும் தாமே தெரிவு செய்த ஒரு குறியீட்டை எழுதினார்கள். துண்டை மடித்துப் பெட்டியில் போட்டார்கள். யாருடைய குறியீடு எது என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். கணக்கு சுலபமா கடினமா என்று கேட்கவில்லை, நீ எவ்வளவு மனதைச் செலவழித்தாய் என்றே கேட்கிறோம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். ஒரு கடினமான கணக்கைப் பார்த்தவுடனே விட்டுவிட்டால் உழைப்பு ஒன்றுதான். அதை ஒன்று என்று எழுதினால் யாரும் கோபிக்கமாட்டோம் என்றும் சொன்னோம். இந்த ஒரு வசனம் பின்னர் மிகவும் உதவியது.

எப்போது கேட்பது என்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. தாள் முழுவதும் முடிந்த பிறகு ஒரே ஓர் எண் வாங்குவது வசதி. இரண்டு விதமாகவும் வாங்கிப் பார்த்தோம். கடைசியில் ஒரே தடவை கேட்டபோது வந்த எண், ஒவ்வொரு கணக்கின் பின்னும் கேட்டவற்றின் சராசரியைவிட அநேகமாக எல்லோருக்குமே கூடுதலாக இருந்தது. தமாரா வான் கோகும் மற்றவர்களும் 2012 இல் இதையே கண்டிருக்கிறார்கள். மொத்தமாகக் கேட்கும்போது கஷ்டமான கணக்கின் நினைவுதான் மேலே வந்து நிற்கும்போலும். ஆகவே ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் கேட்பது என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, நேரசூசி. கடைசிப் பாடவேளையில் வெக்கையும் பசியும் சேர்ந்து எல்லா எண்களையும் மேலே தூக்கின. அதனால் எப்போதும் காலை இரண்டாம் பாடவேளையிலேயே அளந்தோம்.

எண்கள் சொன்னவை

முதற் சுற்று முடிந்ததும் வரைபுத்தாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொட்டு வைத்தோம். குறுக்கே உழைப்பு, நெடுக்கே புள்ளி. வகுப்புச் சராசரிகளில் இரண்டு கோடுகள் கீறியதும் தாள் நான்கு கட்டமானது. மாணவியின் பொட்டு வலது கீழ் மூலையில் இருந்தது: அதிக உழைப்பு, குறைந்த புள்ளி. மாணவனின் பொட்டு இடது கீழ் மூலையில்: குறைந்த உழைப்பு, குறைந்த புள்ளி. பதிவேட்டில் ஒட்டிக்கொண்டு நின்ற இருவர் வரைபுத்தாளில் இரண்டு கரையில் நின்றார்கள்.

பாசும் வான் மெரியன்பூரும் 1993 இல் இந்த இரண்டு அளவையும் சேர்த்து ஒரு சூத்திரம் தந்திருக்கிறார்கள். புள்ளியும் உழைப்பும் வகுப்புச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்து, அதை நியம விலகலால் (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வகுத்து ஒரே அலகுக்குக் கொண்டுவருவது. பிறகு முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, √2 ஆல் வகுப்பது. √2 எங்கிருந்து வருகிறது என்று கணித ஆசிரியர்கள் பார்த்தவுடனே பிடித்துவிடுவார்கள்: இரண்டு அச்சையும் சமமாகப் பிரிக்கும் சாய்கோட்டுக்கு ஒரு பொட்டிலிருந்து வரையும் செங்குத்துத் தூரம் அது. அழகான சூத்திரம். நாங்களும் கணித்தோம்.

விடை எங்களைத் திடுக்கிடச் செய்தது. அந்தச் சூத்திரப்படி மாணவன் வினைத்திறன் உள்ளவன், மாணவி வினைத்திறன் இல்லாதவள். கழித்தலின் விளைவு அது: ஒரே புள்ளியைக் குறைந்த உழைப்பில் எடுத்தவருக்கு மேலிடம் கிடைக்கும். முயலாமல் விட்டவனையும் சிரமமில்லாமல் செய்தவனையும் பிரித்துப் பார்க்க ஒற்றை எண்ணால் முடியாது. அதை அன்றோடு ஒதுக்கிவிட்டு வரைபுத்தாளை மட்டும் வைத்துக்கொண்டோம். இரண்டு அளவையும் இரண்டாகவே பார்ப்பது நல்லது என்பதில் எனக்கு இன்றைக்கும் உறுதி உண்டு.

அடுத்தது, உழைப்பு எங்கே போகிறது என்பது. பாறை, படகுக் கணக்கை மூன்று படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியின் பின்னும் எண் கேட்டோம். உரு வரைவதற்கு மாணவி 3 போட்டாள். விகிதத்தை எழுதுவதற்கு 4. மடக்கையால் வகுத்து விடை எடுப்பதற்கு 9.

அந்தப் படியில் என்ன நடக்கிறது என்று எழுதினால்தான் விளங்கும். அட்டவணையில் தான்சன் 30° ஐப் பார்க்க வேண்டும்: 0.5774. வேறு பக்கம் புரட்டி 60 இன் மடக்கை: 1.7782. பிறகு 0.5774 இன் மடக்கை. 57 ஆம் நிரையில் 7 ஆம் நிரலில் 7612 ஐ எடுத்து, சராசரி வித்தியாச நிரலில் 4 இன் கீழ் உள்ள 3 ஐக் கூட்டி 7615 ஆக்கி, எண் ஒன்றிலும் சிறியது என்பதால் முழுவெண் பகுதியில் தலையில் கோடு போட்ட ஒன்று, அதாவது மறை ஒன்று. இப்போது கழித்தல். தசமப் பகுதியில் 0.7782 இலிருந்து 0.7615 போக 0.0167. முழுவெண் பகுதியில் ஒன்றிலிருந்து மறை ஒன்று போக இரண்டு. ஆகவே 2.0167, அதை மறுபடி எண்ணாக மாற்றினால், அதாவது முரண்மடக்கை, 103.9 மீற்றர். தலையிலுள்ள கோட்டை ஒரு கணம் மறந்தால் ஒன்றிலிருந்து ஒன்று போய்ப் பூச்சியம். விடை 1.039. அவளுடைய படகு ஒரு மீற்றரில் நின்றது அந்தக் கோட்டால்தான்.

எண்ணிப் பாருங்கள். அட்டவணையின் பக்கம், நிரை, நிரல், வித்தியாசம், கோடு, கழித்தலின் திசை, கூடவே கணக்கு என்ன கேட்டது என்பதும். நான்கோ ஏழோ, அந்த இடம் நிரம்பி வழிந்துவிடும். திரிகோணகணிதம் விளங்காத பிள்ளை என்று நான் இவளைப் பரிகார வகுப்புக்கு அனுப்பியிருந்தால், விளங்கிய பாடத்தையே மறுபடி கேட்டுக்கொண்டு இருந்திருப்பாள்.

அவள் சொல்லும் எண் அவள் சொல்வது மட்டும்தானே என்ற கேள்வி இருந்ததால், இடைவேளையில் அவளையும் இன்னும் மூன்று பேரையும் தனித்தனியே இருத்தி வேறொரு விதமாகவும் பார்த்தோம். பிள்ளை கணக்குச் செய்துகொண்டிருக்கும்போது ஆசிரியை ஒழுங்கில்லாத இடைவெளிகளில் பேனாவால் மேசையைத் தட்டுவார். கேட்டவுடனே பிள்ளை மற்றக் கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். மனம் நிரம்பியிருந்தால் மறுதட்டுத் தாமதமாகும். உரு வரையும்போது மாணவி உடனுக்குடனே தட்டினாள். அட்டவணையில் விரல் ஓடும்போது தாமதித்தாள். கோடு போட்ட எண்ணைக் கழிக்கும் இடத்தில் இரண்டு தட்டு அவள் காதில் விழவே இல்லை. அவள் எழுதிய 9 பொய்யில்லை என்று ஆசிரியை என்னைப் பார்த்த பார்வை சொன்னது.

மாணவனின் துண்டுகளில் 2, 1, 2 என்று வந்துகொண்டிருந்தது. வட்டத் தேற்ற நிறுவல்கள் எல்லாவற்றுக்கும் 1. அவனைக் கூப்பிட்டு, இந்த ஒன்றை நீ உண்மையாக எழுதினதுக்குச் சந்தோசம், வாசித்துப் போட்டு என்ன நினைக்கிறாய் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க தொடங்கிறது எண்டு தெரியாது சேர். தொடங்கிப் பிழைச்சா நேரம்தானே போகும்" என்றான். எவ்வளவு தெளிவான பதில்! அவனுக்குச் சோம்பல் என்று ஆசிரியர் அறையில் பேசப்பட்டது எனக்குத் தெரியும். தொடக்கம் தெரியாத இடத்தில் உழைப்பைச் செலவிடாமல் விட்டது அவனுடைய கணிப்பு.

மூன்றாவதாக, தேடாமலே ஒன்று கிடைத்தது. வட்ட நாற்பக்கல் வினா ஒன்றுக்கு, நன்றாகச் செய்யும் பிள்ளைகள் கூட 7, 8 என்று குறித்திருந்தார்கள். எங்கள் வினாத்தாளில் அந்த வினாவின் வாசகம் ஒரு பக்கத்தின் அடியிலும் உரு மறுபக்கத்தின் தலையிலும் அச்சாகியிருந்தது. ஒவ்வொரு கோணத்துக்கும் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். தர்மிசியும் சுவெல்லரும் 1988 இல் வட்டக் கேத்திரகணிதத்தை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள்: வாசகமும் உருவும் பிரிந்து நின்றால், செய்துகாட்டிய உதாரணம் கூடப் பயன் தருவதில்லை, விளக்கத்தை உருவுக்குள்ளேயே கொண்டுவந்தால் பயன் தருகிறது. அதே கணக்கை உருவும் வாசகமும் ஒரே பக்கத்தில் வருமாறு இன்னொரு நாள் வேறு கோணங்களோடு கொடுத்தோம். எண்கள் இறங்கின. தேற்றம் ஒன்றும் மாறவில்லை, தாள்தான் மாறியது.

எடுத்த முடிவுகள்

மாணவிக்கும், அதே கட்டத்தில் பொட்டு விழுந்த மற்றவர்களுக்கும், பயிற்சியைக் கூட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். கோடு போட்ட எண்களைக் கூட்டுவதையும் கழிப்பதையும் மட்டும் தனியே எடுத்து, பாடம் தொடங்கும்போது ஐந்து நிமிடம், கணக்கு வாசகம் எதுவும் இல்லாமல், வெறும் எண்களாகச் செய்வித்தோம். அது கை பழகிவிட்டால் மனதில் இடம் பிடிக்காது என்பது காரணம். அட்டவணையில் பார்த்த எண்ணை உடனே ஒரு பெட்டிக்குள் எழுதிவைக்கப் பழக்கினோம், ஞாபகத்தில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. அப்புறம் ஒரு சுருக்குவழி: உருவில் மற்றக் கோணம் 60°. 60 ஐத் தான்சன் 60° ஆல் பெருக்கினால் போதும், 60 × 1.7321. வகுத்தலும் போயிற்று, கோடும் போயிற்று. அதே 103.9.

தாயிடம், இரவு பத்து மணிக்கு மேல் கணக்குச் செய்ய விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் மகளின் உழைப்பு எண்கள் என்னவென்று கேட்டார். அதைத் தரமுடியாது என்று சொல்லி, ஏன் என்றும் விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்.

மாணவனுக்குப் பாதி செய்த கணக்குகள். நிறுவலின் முதல் மூன்று வரிகளும் காரணங்களும் எழுதியிருக்கும், மிச்சம் அவனுடையது. ஒவ்வொரு கிழமையும் எழுதித் தரும் வரிகளைப் பின்னாலிருந்து குறைத்துக்கொண்டு வருவது என்று திட்டம். சுவெல்லரும் கூப்பரும் 1985 இல் இயற்கணிதத்தில் செய்துகாட்டிய உதாரணங்களின் பயனைக் காட்டியதிலிருந்து வளர்ந்த வழி இது. அவனைப் பொறுத்தவரை உழைப்பு எண் ஏற வேண்டும் என்பதே எங்கள் இலக்கு. மற்ற ஆசிரியர்களுக்கு இதை விளங்கப்படுத்தக் கொஞ்சம் நேரம் எடுத்தது. எண் குறைந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு மாற்றம்: கேத்திரகணித வினாவை வாசிக்கும்போதே தரவை உருவில் குறித்துவிட வேண்டும். வினாத்தாளில் உருவும் வாசகமும் ஒரே பக்கத்தில் இருக்கும்படி தட்டச்சு செய்பவரிடமும் சொல்லிவைத்தோம்.

பிறகு நடந்தவை

மாணவியின் மூன்றாம் படி எண் மெல்ல இறங்கி 5 இல் வந்து நின்றது. அதைவிட எனக்குச் சந்தோசம் தந்தது வேறொன்று. ஒரு பயிற்சியில் ஏணி ஒன்றின் நீளம் 0.4 மீற்றர் என்று வந்ததும், தானாகவே வெட்டிவிட்டுத் திரும்பச் செய்திருந்தாள். பக்கத்தில் பென்சிலால் "இருக்காது" என்று ஒரு சின்னக் குறிப்பு. விடையைப் பார்க்க மனதில் இடம் வந்துவிட்டது. மூன்றாம் தவணையில் பத்து வினாக்களையும் தொட்டாள். புள்ளி ஐம்பதைத் தாண்டியது. தொடைகள் வினா முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது.

மாணவனின் எண் 1 இலிருந்து 4, 5, 6 என்று ஏறியது. ஏறத்தொடங்கிய முதல் கிழமைகளில் புள்ளி அசையவில்லை. இது பொறுமை வேண்டிய காலம். பதிவேட்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றே தெரியும். பிறகு திரிகோணகணிதத்திலும் சமனிலிகளிலும் பாதிப் புள்ளி வரத்தொடங்கியது. வட்ட நிறுவல்கள் கடைசிவரை அவனுக்குச் சரிவரவில்லை. எழுதித் தந்த வரிகளைக் குறைத்துக்கொண்டு போனபோது, முதல் வரியையும் எடுத்ததும் மறுபடி 1 போட்டான். இடையில் வீட்டுத் தேவைக்காக மாமாவோடு கடலுக்குப் போய்ச் சில கிழமைகள் வரவில்லை. திரும்பி வந்தபோது விட்ட இடத்துக்கும் பின்னால் இருந்தான். மூன்றாம் தவணையில் நாற்பதுகளின் நடுவில் நின்றான். தாளை நேரத்துக்கு முன் மூடவில்லை.

எதிர்பாராத ஒரு விளைவும் உண்டு. பாதி செய்த கணக்குகளை வகுப்பு முழுவதற்கும் கொடுத்துப் பார்த்தபோது முன்னணிப் பிள்ளைகளின் உழைப்பு எண் கூடியது. ஒருத்தி வந்து, "சேர், நான் வேற வழியால செய்வன். இதைப் பார்த்துப் பார்த்துச் செய்யத்தான் கஷ்டமா இருக்கு" என்றாள். தொடக்கநிலையினருக்கு உதவும் விளக்கம் தேர்ந்தவருக்குத் தடையாகும் என்பதை சிலாவா காலியூகாவும் மற்றவர்களும் 2003 இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் கணக்கையே கொடுத்தோம்.

அடுத்த முறை மாற்றுபவை

அடுத்த வகுப்பில் தொடக்கத்திலிருந்தே படிபடியாக எண் வாங்கப் போகிறோம். முழுக் கணக்குக்கு வாங்கும் எண், சுமை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டாது. ஆனால் ஒரு பாடவேளையில் ஒரே ஒரு கணக்குக்குத்தான் அப்படிக் கேட்பது. அடிக்கடி கேட்டால் கேள்வியே ஒரு சுமையாகிவிடும், கவனமும் கலையும்.

மடக்கை அட்டவணைப் பழக்கத்தைத் தரம் 11 இன் நடுவில் திருத்துவதற்குப் பதிலாக, அட்டவணை முதலில் கைக்கு வரும் தரத்திலேயே ஐந்து நிமிடப் பயிற்சியாகத் தொடங்க அந்தத் தரத்து ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பேனாத் தட்டும் முறை ஓரிரு பிள்ளைகளுக்கு மட்டும், உண்மையாகவே சந்தேகம் வந்தால் மட்டும். அது பிள்ளையைப் பதற்றப்படுத்துகிறது.

ஒரு பிள்ளையின் எண்ணை இன்னொரு பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடுவதையும் நிறுத்துகிறோம். இவளுடைய 6 உம் அவனுடைய 6 உம் ஒரே அளவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஒரே பிள்ளையின் போன மாத எண்ணும் இந்த மாத எண்ணும்தான் ஒப்பிடத் தகுந்தவை. வரைபுத்தாளில் வகுப்புச் சராசரிக் கோடு இனி இருக்காது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனித் தாள்.

எல்லாவற்றுக்கும் ஐந்து போட்ட பிள்ளைகளில் ஒருத்தி கடைசிவரை ஐந்தே போட்டாள். குறியீடு, மடித்த துண்டு, பெட்டி எதுவும் அவளை அசைக்கவில்லை. அவளுக்கு இந்த அளவுகோலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆசிரியை இப்போது அவளோடு இருந்து, கணக்குச் செய்யும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.